செருப்போடு நடந்த கோடு

செருப்புத் தடத்தைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் வந்து என்ன சமாதானம் சொன்னாலும் என் காதில் ஏறவில்லை.

குளிர் தொடங்கியதும் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு தெற்கே மேய்ச்சலுக்குப் போயிருந்தேன். ஹோலிக்கு முன்னால் திரும்பி வந்தால், மேட்டின் மேல் என் மரத்தைக் காணோம். ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அந்த வன்னி மரம்தான். மணல் காற்றில் திசை குழம்பினாலும் அதைப் பார்த்துத்தான் நடையைச் சரிசெய்வோம். அன்று அந்த இடத்தில் வானம் மட்டும் இருந்தது.

கிட்டே போனேன். முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சூரியத் தகடுகளை நிறுத்துவதற்காகக் கம்பெனிக்காரர்கள் நட்ட இரும்புக் கால்கள். மரத்தை இயந்திரம் வைத்து அறுத்திருந்தார்கள். அதன் அடியில் நட்டிருந்த என் வீட்டுக்காரரின் கல்லைப் பிடுங்கி, வேலி ஓரத்தில் மற்ற கற்களோடு கற்களாகப் போட்டிருந்தார்கள்.

அந்த மரத்தடியில்தான் அவர் செத்தார். மதியம் கண்ணயர்ந்தவரைப் பாம்பு தீண்டிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் கல்லும், அதற்கு நிழல் கொடுத்த மரமும்தான். எனக்கும் அவ்வளவுதான். அமாவாசைக்கு அமாவாசை பால் ஊற்றிவிட்டு, உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு வருவேன். உயிரோடு இருந்தவரை என் பேச்சுக்குக் காது கொடுக்காத மனுஷன், கல்லான பிறகு நன்றாகக் கேட்டார்.

அந்த மேடு எங்கள் ஊர் அம்மனான மாதாவின் காட்டைச் சேர்ந்தது. ஓரண் என்போம். அதற்குள் ஒரு சுள்ளியை ஒடிக்க மாட்டோம். தானாகக் காய்ந்து விழுந்த கிளைகூட எங்கள் அடுப்புக்கு வராது. செருப்புக் காலை உள்ளே வைக்க மாட்டோம். அதற்கு வேலி கிடையாது, சுவர் கிடையாது. எல்லை என்பது பால் கோடு. ஊரில் மூத்தவர் ஒருவர் பால் குடத்தை ஒழுகவிட்டபடி வெறுங்காலோடு சுற்றி வருவார். அவர் கால் போன வழிதான் எல்லை. அதில் பொய்யாக நடந்தவனின் வம்சம் அறுந்துபோகும். இதை எங்களில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் ஊரில் இல்லாத நேரத்தில் நிலம் அளக்கிறவர்கள் வந்து, உங்கள் காட்டுக்கு எல்லை எது என்று கேட்டிருக்கிறார்கள். நடந்து காட்டியவர் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் பெயரை நான் வாயால் சொல்லக்கூடாது; ஊர் அவரைச் சேலாராம் என்கிறது. மேட்டைச் சுற்றிப் போகவேண்டியவர், மேட்டுக்கு இந்தப் பக்கமாகவே குறுக்கே நடந்து அதை அப்படியே வெளியே தள்ளிவிட்டார். சீக்கிரமே அவர் மகன் ஜோகா கம்பெனி கேட்டில் காவல்காரன் ஆனான். வீட்டு வாசலில் புதுசாக ஒரு ஜீப் வந்து நின்றது.

“வயசாயிடுச்சில்ல அண்ணி, கண்ணு மங்கியிருக்கும்,” என்றாள் பக்கத்து வீட்டுச் சுக்னி. “வேணும்னா செஞ்சிருப்பாரு? சொந்தத் தம்பி கல்லாச்சே. விட்டுத் தள்ளு.”

நானும் அப்படி நம்பத்தான் பார்த்தேன். கல்லைத் தூக்கி நிமிர்த்திவிட்டு மேட்டுக்குக் கீழே இறங்கினேன். அங்கே ஒரு களிமண் தரை உண்டு. குளிர்கால மழையில் சேறாகி, பிறகு காய்ந்து செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் அளக்க வந்தவர்களின் பூட்ஸ் தடங்கள். அவற்றுக்கு முன்னால், வழிகாட்டிக்கொண்டு போன ஒரு தோல் செருப்பின் தடம். வலது குதிகாலில் பிறை மாதிரி ஒரு இரும்புத் துண்டு பதிந்திருந்தது. அந்தத் துண்டை மூத்தாரின் செருப்பில் அடித்துக் கொடுத்தவரே என் வீட்டுக்காரர்தான்.

கண் மங்கியவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடந்திருப்பார். வாழ்நாள் முழுக்க அந்தக் காட்டுக்குள் செருப்பு போடாத மனுஷன், அன்று மட்டும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஏன்? செருப்போடு நடந்தால் அது மாதாவின் கோடு ஆகாது. அளக்கிறவனுக்கு அது எல்லை. மாதாவுக்கு அது சும்மா ஒரு உலாவல். மகனுக்கு வேலையும் ஆச்சு, வம்சத்துக்குச் சேதமும் இல்லை. அத்தனை யோசித்து, அத்தனை பக்குவமாகத் தம்பியின் கல்லை விற்றிருக்கிறார்.

அந்தத் தடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து கறுவினேன். இந்த ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு அதே பொய்யை நடக்கவேண்டும். மாதா பார்க்க நடக்கவேண்டும். இவர் வம்சம் அறுந்துபோவதை நான் இருந்து பார்க்கவேண்டும். ஜோகாவின் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கறுவினேன்.

மூத்தாரோடு, வீட்டு மருமகளான தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசுவது எங்களில் கிடையாது. முக்காட்டை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற குழந்தையிடமோ ஆட்டிடமோ சொல்வோம்; அவர் காதில் அது விழும். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை எல்லாம் எங்கள் ஒட்டகம் பாதல் வழியாகத்தான்.

மறுநாள் காலையில் பாதலை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“டேய் பாதல், இந்த வீட்டுல மனுஷங்க யாராவது இருக்காங்களான்னு கேளு. வாசல்ல ஜீப்புதான் தெரியுது.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “காலங்காத்தால என்ன வந்துச்சாம் அதுக்கு?”

“அது ஒண்ணும் கேக்கலை. களிமண் தரையில ஒரு தடத்தைப் பார்த்துட்டு வந்திருக்கு. யாரோ காட்டுக்குள்ள செருப்புக் காலோட போயிருக்காங்களாம். வெளியூர்க்காரன் எவனாவது இருப்பான்னு நான் சொல்றேன், ஒத்துக்க மாட்டேங்குது. லாடம் அடிச்ச செருப்பாம்.”

கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு கிடந்தது. அவர் காலால் அதை உள்ளே தள்ளினார். தள்ளியதை நானும் பார்த்தேன், ஒட்டகமும் பார்த்தது.

“காலுல முள்ளு குத்தியிருந்துச்சு,” என்றார்.

“பாதல், அவருக்கு முள்ளு எந்தக் காலுலன்னு கேளு. ரெண்டு காலுலயும் செருப்பு இருந்துச்சே!”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இத்தனை மணல் கிடக்கு. ஒரு மேடு போனா என்ன குடி முழுகிடும்? புல்லு முளைக்குமா அங்கே? தண்ணி நிக்குமா? எம்மவன் ஒட்டகத்துப் பின்னாடி அலைஞ்சு சாகணுமா? அதுவும் செருப்போட நடந்தா அது சத்தியமும் இல்லை, ஒண்ணும் இல்லை. மாதாவுக்கே தெரியும்!”

அவராகவே சொல்லிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்த சுக்னியின் கை நின்றது எனக்குக் கேட்டது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. சுக்னிக்கு ஒரு விஷயம் கிடைத்தால் அது கிணற்றடியைத் தாண்டிப் போகாமல் இருந்ததே இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். மாதா கோயில் பூசாரி கிஸ்னாராம் நடுவில் உட்கார்ந்தார். ஹூக்கா சுற்றி வந்தது. என் மூத்தாரின் முறை வந்தபோது அவரைத் தாண்டிப் போயிற்று. அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். இனி அவருக்கு யாரும் நெருப்பு கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், மகன் வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஆள் போக மாட்டார்.

அவர் எழுந்து வந்தார். தலைப்பாகையைக் கழற்றினார். அந்தச் சிவப்புத் தலைப்பாகை இல்லாமல் அவர் தலையை நான் பார்த்ததே இல்லை. நரைத்து, சிறுத்துப் போயிருந்தது. குனிந்து அதை என் காலடியில் வைத்தார்.

கூட்டத்தில் ஒரு கிழவர் அழுதேவிட்டார். மூத்தார் ஒருவர் தம்பி பெண்டாட்டியின் காலில் தலைப்பாகை வைப்பதற்கு மேல் எங்களில் ஒன்றும் கிடையாது. கொலைக் குற்றம்கூட அதோடு தீர்ந்துபோகும்.

“போதும்மா ஜம்கு,” என்றார் பூசாரி. “எடுத்து அவர் கையில குடுத்துடு. முடிஞ்சுது.”

எனக்குப் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், இந்த மனுஷர் உழுவதற்கென்று பாதலை இரவல் வாங்கிப்போய் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார். ஒட்டகம் மறக்குமா? அடுத்த குளிர்காலம் வரை வைத்திருந்து, மதம் ஏறியதும் அவர் தோளைக் கவ்விவிட்டது. அதன் கறுவு தீர எங்களிடம் ஒரு வழி உண்டு. அவருடைய சட்டையையும் தலைப்பாகையையும் அதன் முன்னால் போட்டுவிட்டு எல்லோரும் ஒளிந்துகொண்டோம். பாதல் மோந்து பார்த்தது. பிறகு மிதித்தது, கடித்துக் கிழித்தது, மார்பை வைத்து மணலில் அழுத்தித் தேய்த்தது. ஆளைக் கொன்றாயிற்று என்று அதற்கு நினைப்பு. மறுநாள் அவர் கையிலிருந்தே கம்பு ரொட்டி வாங்கித் தின்றது. என் வீட்டுக்காரர் அன்று விழுந்து விழுந்து சிரித்தார்.

பாதல் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தது. நான் திரும்பி அதனிடம் சொன்னேன்.

“பாதல், உனக்குத் துணி போதும். உன்னை ஏமாத்திட்டாங்க. நான் ஒட்டகம் இல்லைன்னு இவங்களுக்குச் சொல்லு.”

காலடியில் கிடந்ததைத் தொடாமல் ஓரடி பின்னால் தள்ளி நின்றேன்.

“இந்தத் தலைப்பாகை எனக்கு வேணாம். செருப்பைக் கழட்டிட்டு, கையில பால் குடத்தை எடுத்துக்கிட்டு, அளக்கிறவங்க பார்க்க, ஊர் பார்க்க, அந்தக் கோட்டை இன்னொரு தடவை நடக்கச் சொல்லு. எப்படி வேணா நடக்கட்டும். அன்னைக்கு நடந்த மாதிரியே நடந்தாலும் நான் கேக்க மாட்டேன். மேட்டை மறந்துடறேன். ஆனா வெறுங்கால்.”

கிஸ்னாராம் என்னை உற்றுப் பார்த்தார். முக்காட்டுக்குள் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். “உனக்கு மேடு வேணுமா, இல்லை அவரு குடி கெடணுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டுல எது கிடைச்சாலும் வாங்கிக்கறேன்,” என்றேன். பொய். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். மரம் போய்விட்டது. வெறும் மேட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பௌர்ணமியன்று காலையில் நடை தொடங்கியது. நில அதிகாரியும் வந்திருந்தார். முதல் தடவை எல்லை காட்டியவரே மறுபடி நடந்து, ஊரும் கூட நின்று சாட்சி சொன்னால் மேலே எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பால் என் வீட்டு ஒட்டகப் பால். நான்தான் கறந்தேன். குடத்தின் அடியில் சின்னதாகத் துளைத்து, நூல் மாதிரி ஒழுகும்படி செய்து, பூசாரி கையில் கொடுத்தேன். அவர் அதை என் மூத்தாரின் தோளில் வைத்தார்.

காட்டின் விளிம்பில் அவர் செருப்பைக் கழற்றினார். நான் அதை எடுத்துப் பாதலின் கழுத்துக் கயிற்றில் கட்டிவிட்டேன். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. ஆண்கள் முன்னே, நாங்கள் பின்னே. எருக்கஞ்செடிகளுக்கு ஊடே, இலந்தைப் புதர்களைச் சுற்றி, மணல் சரிவில் ஏறி இறங்கி அவர் நடந்தார். பால் கோடு விழுந்த இடமெல்லாம் எறும்பு மொய்த்தது. பாதித் தூரம் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவர் நடையில் ஒரு தள்ளாட்டம் வந்தது. எனக்குப் பாவமாக இல்லை. சத்தியமாக இல்லை.

களிமண் தரை வந்தது. அங்கேதான் வழி பிரிகிறது. இடது பக்கம் போனால் அவருடைய பழைய செருப்புத் தடம், அந்தப் பிறையோடு, அப்படியே இருக்கிறது. வலது பக்கம் மேடு, வேலி, ஜோகா காவல் நிற்கிற கேட்.

அவர் நின்றுவிட்டார். நின்ற இடத்தில் பால் சொட்டிச் சொட்டித் தேங்கியது. இடது பக்கம் போ என்று நான் மனசுக்குள் சொன்னேன். போ. மகன் வேலையை நினைத்துக்கொள். ஜீப்பை நினைத்துக்கொள். போய்த் தொலை.

அவர் திரும்பி, ஆண்களைத் தாண்டி, நேராக என்னைப் பார்த்தார். “மருமகளே, நான் எந்தப் பக்கம் போகணும்னு நீ நினைக்கறே?”

எங்கள் குடும்பத்தில் மூத்தார் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பாதலின் கழுத்தைத் தட்டினேன்.

“அவரவர் காலு, அவரவர் வம்சம். அவங்களுக்கே தெரியும்னு சொல்லு, பாதல்.”

அவருக்கு என் ஆசை விளங்கிவிட்டது. முகத்தில் அது தெரிந்தது. குடத்தை ஒருமுறை சரிசெய்துகொண்டு வலது பக்கம் திரும்பி நடந்தார்.

எனக்கு ஓவென்று கத்தவேண்டும் போல் இருந்தது. என் பழியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்.

கேட்டில் ஜோகா கம்பெனிச் சட்டையும் தொப்பியுமாக நின்றான். இரு கையாலும் கதவை மறித்தான். “அப்பா, இங்க வராதே. உள்ளே விட்டா என் வேலை போயிடும். உனக்கு என்ன பைத்தியமா? யாருக்காக இதெல்லாம் வாங்கினே?”

“கதவைத் திற.”

“முடியாது.”

“அப்போ இங்கேயே ஊத்திடறேன்,” என்று அவர் குடத்தைச் சாய்த்தார். “கோடு உன் கேட்டுல நிக்கட்டும். என் குடியும் இங்கேயே நிக்கட்டும். உம் பொண்டாட்டிகிட்டப் போய் நீயே சொல்லு.”

ஜோகா தன் அப்பாவைப் பார்த்தான், பாலைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தரையில் வீசிவிட்டுக் கதவைத் திறந்தான். அவனும் எங்களில் பிறந்தவன்தானே.

உள்ளே சரளைக் கல்லும் கம்பித் துண்டுகளுமாகக் கிடந்தன. எதிலோ அவர் கால் கிழிந்தது. பாலோடு ரத்தமும் கோடு போட்டது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மேட்டின் மேல் ஏறி, வேலியோரத்தை ஒட்டிச் சுற்றி, அறுபட்ட அடிமரத்துக்கு வந்து, மிச்சப் பாலை எல்லாம் அதன் மேல் ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நில அதிகாரியின் ஆட்கள் கோட்டு மேல் கற்களை நட்டார்கள்.

அடுத்த மழைக்காலம் தாண்டி வேலி பின்னுக்குப் போயிற்று. இரும்புக் கால்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரின் கல்லை நான் பழைய இடத்திலேயே நட்டேன். ஜோகாவுக்கு வேலை போய்விட்டது. மனைவியையும், நல்லபடியாகப் பிறந்த மகனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஜோத்பூருக்குப் போனான். போகும்போது அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. இதுவரை திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்படியாக அவர் வம்சம் பத்திரமாக இருக்கிறது. அவருக்குத்தான் அது இல்லை.

மனைவி செத்து, மகனும் கைவிட்ட மனுஷருக்குச் சோறு போடுவது எங்கள் வழக்கப்படி தம்பி வீட்டுப் பொறுப்பு. தம்பி வீடு என்றால் நான்தான். ஆகவே தினமும் கம்பு ரொட்டி தட்டி, மோர் ஊற்றி, முக்காட்டை இழுத்துவிட்டு அவர் முன்னால் வைக்கிறேன். அவரும் தலை குனிந்து சாப்பிடுகிறார்.

வன்னியின் வேர் அவ்வளவு சீக்கிரம் சாகாது. அறுத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துளிர் விட்டது. ஆடு வாய் வைத்தால் அதோடு போயிற்று. அதனால் ஒருநாள் சாப்பாட்டை வைக்கும்போது பாதலிடம் சொன்னேன்.

“சும்மா உக்காந்து தின்னா உடம்புக்கு ஆகாது பாதல். வெட்டக் குடுத்தவங்களே போய்க் காவல் இருக்கட்டும்.”

அன்றிலிருந்து விடிந்ததும் மேட்டுக்குப் போய்விடுவார். துளிரைச் சுற்றி முள் அடைத்து, ஊற்றுக்கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவார். அன்று கிழிந்த கால் சரியாக ஆறவே இல்லை. வெயில் காலத்தில் மணல் கொதிக்கும்போது நின்று நின்று காலை மாற்றுவார். போன சித்திரையில் ஒருநாள், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்தச் செருப்பு எங்கே இருக்குன்னு பாதலுக்குத் தெரியுமா?”

தெரியும். என் வீட்டுக்காரரின் கல்லுக்கு எதிரே, பழைய வேலிக் கம்பம் ஒன்றில் நான்தான் மாட்டி வைத்திருக்கிறேன். தினமும் அவர் கண் முன்னால்தான் தொங்குகிறது.

“மாதா காட்டுக்குள்ள செருப்பு போடலாமான்னு கேக்குது பாதல்,” என்றேன்.

அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

துளிர் இப்போது என் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. வன்னி வளர அவசரப்படாது. ஒரு ஆள் படுத்துக்கொள்ள நிழல் விழவேண்டும் என்றால் இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். அமாவாசை தோறும் கல்லுக்குப் பால் ஊற்றிவிட்டு, மூத்தாருக்கு நூறு வயசு கொடு என்று மாதாவிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். நெய்யும் தாராளமாகத்தான் போடுகிறேன். காய்ச்சல் கண்டால் வைத்தியனைக் கூட்டி வருகிறேன். மருமகள் என்றால் இப்படி அல்லவா இருக்கவேண்டும் என்று ஊர் மெச்சுகிறது. சுக்னிகூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

அவர் மட்டும் மெச்சுவதில்லை. ரொட்டியைப் பிய்க்கும்போது சில நாள் என் முக்காட்டை நிமிர்ந்து பார்ப்பார். இத்தனை உபசாரமும் எதற்கென்று அவருக்குத் தெரியும். “இன்னும் ஒண்ணு போட்டுக்கச் சொல்லு, பாதல்,” என்பேன். அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.